பென்சில்வேனியாவில் நீதிபதிக்கு ஓட்டு: வக்கீல்கள் தரும் மதிப்பீட்டை எவ்வளவு நம்பலாம்?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரிப்பு வந்தது. உங்களை நினைத்து அல்ல, 2017இல் நான் இருந்த இருப்பை நினைத்து.

நியூ ஜெர்சியில் ஒன்பது வருஷம், கடைசியில் குடியுரிமை, அப்புறம் வேலை மாறி இந்தப் பென்சில்வேனியாப் பக்கம், 2025 நவம்பரில் வாழ்க்கையின் முதல் அமெரிக்க ஓட்டு. பள்ளி வாரியம், டவுன்ஷிப் எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டு, நீதிபதிகள் பகுதியை மட்டும் அப்படியே காலியாக விட்டுவிட்டீர்கள். "நீதிபதிக்கு ஓட்டுப் போட நான் யார்? ஆபீஸில் ஒருவர், பார் அசோசியேஷன், அதாவது வக்கீல் சங்கம், ‘ரெக்கமண்டட்’ என்று சொன்னவருக்குப் போட்டுவிட்டுப் போங்கள் என்கிறார். அதை நம்பலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம்பலாம், பாதி வரைக்கும். எந்தப் பாதி என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்களுக்கு இது விநோதமாக இருப்பதில் ஆச்சரியமே இல்லை. நம் ஊரில் உயர் நீதிமன்ற நீதிபதியை கொலீஜியம் பரிந்துரைக்கும், குடியரசுத் தலைவர் நியமிப்பார். நியூ ஜெர்சியில் கவர்னர் பெயரைச் சொல்வார், செனட் ஒப்புக்கொள்ளும். இரண்டு இடத்திலும் நம்மை யாரும் கேட்பதில்லை. பென்சில்வேனியாவோ 1850இல் அரசியல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து நீதிபதிகளை ஓட்டுப் போட்டுத்தான் எடுக்கிறது. மேல்முறையீடு கேட்கும் மூன்று நீதிமன்றங்களுக்கும் அதே கதைதான்: ஏழு பேர் கொண்ட மாநில சுப்ரீம் கோர்ட், பதினைந்து பேர் கொண்ட சுப்பீரியர் கோர்ட், ஒன்பது பேர் கொண்ட காமன்வெல்த் கோர்ட். ஒற்றைப்படை ஆண்டுகளில் தேர்தல். பெயருக்குப் பக்கத்தில் கட்சி பெயர் இருக்கும், சொந்தக் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பெயரும் இருக்கும். ஜெயித்தால் பத்து வருஷம். 75 வயதானால் அந்த ஆண்டு முடிவோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சரி, என் 2017 கதை. எங்கள் வாக்குச்சாவடி ஒரு தீயணைப்பு நிலையத்தின் பின்கூடம். வாசலில் நின்ற கட்சிக்காரர் மாதிரி ஓட்டுச்சீட்டை ஆளுக்கொன்றாக நீட்டினார். உள்ளே போய்ப் பார்த்தால் சுப்பீரியர் கோர்ட்டுக்கு ஒன்பது பெயர்கள், நான்கு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. சுப்ரீம் கோர்ட்டுக்கு இரண்டு பேர். அதில் ஒருவர் டுவெய்ன் உட்ரஃப், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆடி, பிறகு வக்கீலாகி, குடும்ப நீதிமன்ற நீதிபதியும் ஆனவர். நான் தெரிந்துகொண்டு போயிருந்த ஒரே நீதிபதி அவர்தான், அதுவும் என் மகன் சொல்லி. பிலடெல்பியாவின் ஈகிள்ஸ் அணி வரிசையாக ஜெயித்துக்கொண்டிருந்த நவம்பர் அது. "அம்மா, ஸ்டீலர்ஸ்காரனுக்கு மட்டும் போட்டுறாதே" என்று காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தான். ஒரு மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த சட்ட ஆலோசனை அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் சீட்டின் தலைப்பில் கட்சிக்கென்றே ஒரு வட்டம் உண்டு. அதை ஒன்றைக் கறுப்பாக்கினால் கட்சியின் ஆட்கள் அத்தனை பேருக்கும் ஓட்டு விழுந்துவிடும். 2019இல் அதை எடுத்துவிட்டார்கள். நான் அதைத்தான் கறுப்பாக்கிவிட்டு வந்தேன். ஊரில் பாட்டி சின்னத்தைப் பார்த்துக் குத்துவாளே, அதே மாதிரி. வண்டியில் வந்து உட்கார்ந்ததும் வெட்கமாக இருந்தது.

வெட்கம் போகாமல் இருந்ததற்குக் காரணம் ஒரு தோழி. அவள் வேலையை விட்டதும் வேலையின்மைப் படி மறுக்கப்பட்டது. ‘தானாக விட்டாள்’ என்பது நிறுவனத்தின் வாதம், ‘விட வைத்தார்கள்’ என்பது இவள் வாதம். முதல் முறையீட்டைக் கேட்கும் ரெஃபரி என்ற அதிகாரி, அதற்கு மேல் போர்டு, அங்கும் தோற்று, வக்கீல் இல்லாமல் தானே காகிதம் தயாரித்து காமன்வெல்த் கோர்ட்டுக்குப் போனாள். பல மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. எங்கள் சமையலறை மேஜையில் வைத்து இரண்டு பேரும் படித்தோம். தோற்றுத்தான் போனாள். ஆனால் அவள் கோணல் ஆங்கிலத்தில் எழுதிய ஒவ்வொரு வாதத்தையும் எடுத்து, இது ஏன் நிற்காது, இது ஏன் தாமதம் என்று பத்தி பத்தியாகப் பதில் எழுதியிருந்தார் அந்த நீதிபதி. "தோத்தாலும் படிச்சிருக்காங்கடி" என்றாள். மேல்முறையீட்டு நீதிபதியின் வேலை என்ன என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். சாட்சியை விசாரிப்பதில்லை, ஜூரி இல்லை. கீழே நடந்ததன் காகிதத்தைப் படிப்பது, யோசிப்பது, எழுதுவது. அவ்வளவுதான் வேலை. அதைப் பொறுமையாகச் செய்கிறவரா இல்லையா என்பதை வாசலில் ஒட்டும் பிரசார அட்டையைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்?

மாநில பார் அசோசியேஷனின் மதிப்பீடு பயன்படுவது இந்த இடத்தில்தான். அவர்களிடம் நீதிபதி மதிப்பீட்டு ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. வக்கீல்களோடு வக்கீல் அல்லாத பொதுமக்களும் அதில் உண்டு. வேட்பாளர் ஒரு நீண்ட கேள்விப்படிவத்தை நிரப்பி, தான் எழுதிய சட்ட எழுத்து மாதிரிகளையும் கொடுக்க வேண்டும். அப்புறம் ஒரு விசாரணைக் குழு கிளம்பும். அந்த ஆளோடு வழக்காடியவர்கள், எதிர்த்து வாதாடியவர்கள், கூட வேலை பார்த்தவர்கள் என்று பலரிடம் பேசுவார்கள், சொன்னவர் யார் என்று வெளியே வராது. பெண் பார்க்கப் போகும் முன் தெருக்கோடி மளிகைக் கடையில் விசாரிப்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். குழு ரகசிய அறிக்கை கொடுக்கும், முழு ஆணையமும் வேட்பாளரை நேரில் கேள்வி கேட்கும், கடைசியில் வாக்கெடுப்பு. சட்ட அறிவு, அனுபவம், நேர்மை, கோபதாபம் இல்லாத சுபாவம் இவைதான் அளவுகோல். முடிவு மூன்றில் ஒன்று: மிகவும் பரிந்துரைக்கிறோம், பரிந்துரைக்கிறோம், பரிந்துரைக்கவில்லை.

என் அனுபவத்தில் இந்த மூன்றையும் கீழேயிருந்து மேலே படிக்க வேண்டும். ‘மிகவும்’ என்ற சொல்லுக்கு மயங்காதீர்கள். அது பெரும்பாலும் நீண்ட அனுபவத்துக்குக் கிடைக்கும் மரியாதை. வெறும் ‘பரிந்துரை’ வாங்கியவர் வயதில் சின்னவராக இருக்கலாம், வேறு வகை சட்டத்தில் உழைத்தவராக இருக்கலாம். அந்த இரண்டுக்கும் நடுவில் நான் வித்தியாசம் பார்ப்பதே இல்லை. ஆனால் ‘பரிந்துரைக்கவில்லை’ என்று இருந்தால் நின்று, ஏன் என்று படிக்க வேண்டும். கூடவே காரணத்தை எழுதியிருப்பார்கள்.

அந்தக் காரணம் இரண்டு மூன்று தினுசாக வரும், இதில்தான் பலர் ஏமாறுவது. மதிப்பீட்டுக்கே வர மாட்டேன் என்று ஒதுங்கிய வேட்பாளருக்கும் ‘பரிந்துரைக்கவில்லை’ என்றுதான் போடுவார்கள். அது விதி. வக்கீல் சங்கம் ஒரு பக்கச் சாய்வு உடையது, அவர்களிடம் நான் ஏன் கைகட்டி நிற்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தை முழுக்கத் தள்ளவும் முடியாது: வக்கீல்களுக்கு வக்கீல்களின் பார்வைதான் இருக்கும், பெரிய நிறுவனத்து ஆட்களைத்தான் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பத்து வருஷம் மற்றவர்களைக் கேள்வி கேட்கப் போகிற ஆள், ஒரு மதியம் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது என்றால் என் ஓட்டு இல்லை. இது என் சொந்தக் கணக்கு, நீங்கள் வேறு மாதிரிப் போடலாம்.

இன்னொரு தினுசு பிரசார நடத்தை. வேட்பாளர்கள் நேர்மையான விளம்பரம் செய்வதாக ஒப்புக்கொள்ள வேண்டும். 2011இல் காமன்வெல்த் கோர்ட்டுக்கு நின்ற ஒருவருக்கு முதலில் நல்ல மதிப்பீடு கொடுத்தார்கள். எதிராளியைப் பற்றிய அவரது விளம்பரம் திசைதிருப்புகிறது, எடுங்கள் என்றார்கள். எடுக்கவில்லை. மதிப்பீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவர் ஜெயித்தும் விட்டார்! வக்கீல்கள் சொல்லுக்கு மக்களிடம் எவ்வளவு மவுசு என்பது இதிலிருந்தே தெரியும்.

இனி அந்த மறு பாதி, அதாவது மதிப்பீடு சொல்லாதது. ஒரு நீதிபதி எந்தப் பக்கம் தீர்ப்பு எழுதுவார் என்று அது சொல்லாது, சொல்லவும் கூடாது. ஆனால் வீட்டு நடப்பைத் தொடுவது அந்தத் தீர்ப்புகள்தான். 2018இல் நாடாளுமன்றத் தொகுதிகளின் வரைபடத்தைத் தூக்கிப்போட்டுப் புதிதாகப் போட்டது இந்த மாநில சுப்ரீம் கோர்ட். 2023 பிப்ரவரியில், பள்ளிகளுக்குப் பணம் பிரிக்கும் முறை மாநில அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது காமன்வெல்த் கோர்ட். உங்கள் பிள்ளையின் பள்ளி விவகாரம் அது. நீங்கள் தபாலில் போட்டிருந்தால், ஓட்டை உள் உறையில் வைக்க மறந்தால் செல்லாது என்ற விதியை 2020இல் உறுதி செய்ததும் அதே சுப்ரீம் கோர்ட்தான். ‘மிகவும் பரிந்துரை’ வாங்கிய இரண்டு பேர் இப்படிப்பட்ட வழக்கில் நேர் எதிராக எழுதலாம்.

மனுஷனுக்குள் புகுந்தும் இந்த மதிப்பீட்டால் பார்க்க முடியாது. ஜோன் ஓரி மெல்வின் என்பவர் 2009இல் சுப்ரீம் கோர்ட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அரசு சம்பளம் வாங்கும் ஊழியர்களைத் தன் தேர்தல் வேலைக்குப் பயன்படுத்தினார் என்று 2013இல் குற்றவாளியாகி, பதவியை விட்டார். தண்டனையில் ஒரு பகுதி: கைவிலங்கோடு எடுத்த தன் புகைப்படத்தின் மேல் மன்னிப்பு எழுதி மாநிலத்தின் ஒவ்வொரு நீதிபதிக்கும் அனுப்ப வேண்டும். மன்னிப்புக் கடிதம் சரி, அந்தப் படம் வேண்டாம் என்று பிறகு சொன்னது சுப்பீரியர் கோர்ட், அவரே முன்பு நீதிபதியாக உட்கார்ந்திருந்த இடம். கதை எழுதினால்கூட நம்ப மாட்டார்கள்.

நீங்கள் காலியாக விட்டதில் பாதி, ‘இன்னாரைத் தொடர விடலாமா, ஆம் அல்லது இல்லை’ என்ற கேள்விகளாக இருந்திருக்கும். பத்து வருஷம் முடித்த நீதிபதிக்கு எதிராளி கிடையாது, கட்சிப் பெயரும் சீட்டில் வராது. 2025இல் சுப்ரீம் கோர்ட்டின் டோனஹ்யூ, டவுகர்ட்டி, வெக்ட் மூவருக்கும் அந்தக் கேள்வி. பார் அசோசியேஷன் மூவரும் தொடரலாம் என்றது, மக்களும் அப்படியே ஓட்டுப் போட்டார்கள். பெரும்பாலும் இது சடங்குதான். விதிவிலக்கு 2005: சட்டமன்ற உறுப்பினர்கள் ராத்திரியோடு ராத்திரியாகத் தங்களுக்கு ஊதியத்தை உயர்த்திக்கொண்டார்கள், நீதிபதிகளுக்கும் சேர்த்து. கோபத்தைக் காட்ட மக்களுக்குக் கையில் கிடைத்தவர் சுப்ரீம் கோர்ட் நீதிபதி ரஸல் நைக்ரோ. இப்படி ‘இல்லை’ வாங்கி வீட்டுக்குப் போன முதல் சுப்ரீம் கோர்ட் நீதிபதி அவர். சம்பளத்தை உயர்த்தியவர்களின் பெயர் அந்தச் சீட்டில் இல்லை, பாவம்.

ஆக நான் இப்போது செய்வது இது. தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு ஞாயிறு மத்தியானம், காபியோடு உட்காருவேன். முதலில் ‘பரிந்துரைக்கவில்லை’ பட்டியல், காரணத்தோடு. மிச்சமிருப்பவர்களின் கேள்விப்படிவத்தை பார் அசோசியேஷன் தளத்தில் போட்டிருப்பார்கள், அதில் அவர்கள் கையாண்ட முக்கியமான வழக்குகள் இருக்கும். யாருக்காக வாதாடினார்கள் என்று பார்ப்பேன்: அரசுத் தரப்பா, காப்பீட்டு நிறுவனமா, அடிபட்ட தொழிலாளியா. அங்கேதான் மனசு எந்தப் பக்கம் என்று கொஞ்சம் தெரியும். ஏற்கெனவே நீதிபதியாக இருப்பவர் என்றால் அவர் எழுதிய ஒரு தீர்ப்பை எடுத்து, தோற்றவர் வாதத்துக்கு என்ன பதில் சொல்லியிருக்கிறார் என்று மட்டும் படிப்பேன். என் தோழி கற்றுக்கொடுத்தது. மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஆகும், கட்சி பார்க்காமல் இருக்கிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அதையும் பார்க்கிறேன், கடைசியில்.

கவுண்டி அளவிலான நீதிபதிகள் தனிக் கதை, அவர்களை அந்தந்த ஊர் பார் அசோசியேஷன்கள் மதிப்பிடும். பிலடெல்பியாவில் யார் பெயர் சீட்டில் மேலே வரும் என்பதை ஒரு பழைய காபி டப்பாவில் எண் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அதில் நல்ல எண் விழுந்தவர் சங்கத்தின் பரிந்துரை இல்லாமலே ஜெயித்துவிடுவார் என்று அங்கே இருக்கும் நண்பர்கள் புலம்புவார்கள்.

அடுத்தது 2027. டோனஹ்யூ அந்த வருஷம் 75ஐத் தொடுகிறார், பத்து வருஷத்துக்கு ‘ஆம்’ வாங்கியும் இரண்டு வருஷம்தான். அதனால் சுப்ரீம் கோர்ட் நாற்காலி ஒன்று காலியாகும், அட்டைகள் உங்கள் தபால் பெட்டியை நிறைக்கும். ஒரு விஷயம் இப்போதே பாருங்கள்: உங்கள் வாக்காளர் பதிவில் கட்சி என்ன போட்டிருக்கிறது? இங்கே கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தல் அந்தக் கட்சியில் பதிந்தவர்களுக்கு மட்டும்தான். அது மே மாதம் மூன்றாம் செவ்வாய், பதிவை மாற்றுவதென்றால் பதினைந்து நாள் முன்பே மாற்ற வேண்டும். நான் முதல் தடவை அது தெரியாமல் வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன்.