காக்கா பிடிக்கத் தெரியாதவர் முன்னேற முடியாதா?

கேள்வி: எட்டு வருடமாக ஒரே நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். என் வேலையில் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. அதிகம் பேசமாட்டேன், கொடுத்த வேலையை முடித்துக் கொடுப்பேன், அவ்வளவுதான். இந்த முறை பதவி உயர்வு எனக்குப் பின்னால் வந்து சேர்ந்தவருக்குப் போய்விட்டது. அவர் எல்லாரிடமும் கலகலப்பாகப் பழகுகிறவர். போன மாதம் ஒரு ரிப்போர்ட் இரண்டு நாள் தாமதமானதற்கு மேலாளர் என்னிடம் கடுமையாகப் பேசினார். வேறு பிரிவிலிருந்து விவரம் வராததுதான் காரணம் என்று விளக்கியும் அவர் சமாதானம் ஆகவில்லை. காக்கா பிடித்தால்தான் முன்னேற முடியுமா? எனக்கு ஏன் கொடுக்கவில்லை என்று மேலாளரிடம் நேராகவே கேட்கலாமா?

பதில்: உங்கள் ஆதங்கம் புரிகிறது. எட்டு வருட உழைப்பை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று தோன்றினால் மனசு வெறுத்துத்தான் போகும். ஆனால் உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது பதவி உயர்வு பற்றிய வரியை அல்ல. அந்த ரிப்போர்ட் பற்றிய வரியை.

விவரம் நேரத்துக்கு வராது என்பது உங்களுக்கு எப்போது தெரிந்தது? கெடுவுக்குச் சில நாள் முன்பே சந்தேகம் வந்திருக்கும். மேலாளருக்கு எப்போது தெரிந்தது? அநேகமாகக் கெடு நாளன்று, அதுவும் அவராகக் கேட்டபோது. அதற்குள் அவர் தன் மேலதிகாரியிடம் "இன்று வந்துவிடும்" என்று சொல்லியிருக்கலாம். நீங்கள் பேசாமல் இருந்ததால் அவர் வாக்குத் தவறியவர் ஆகிவிட்டார். விளக்கம் நியாயமாக இருந்தும் அவர் கோபம் தணியாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மூன்று நாள் முன்னதாக, "விவரம் இன்னும் வரவில்லை, கேட்டிருக்கிறேன், புதன்கிழமைக்குள் வராவிட்டால் இரண்டு நாள் தள்ளிப்போகும்" என்று ஒரே ஒரு மெயில் அனுப்பியிருந்தால்? அதே தாமதம்தான், அதே காரணம்தான். ஆனால் இவரை நம்பலாம் என்ற எண்ணம் அவருக்கு வந்திருக்கும்.

ஒருவரை நாம் எதை வைத்து நம்புகிறோம் என்பதை மேயர், டேவிஸ், ஷூர்மன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1995-ல் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். மேலாண்மைத் துறையில் இன்றும் அதை எடுத்துக்காட்டுகிறார்கள். அவர்கள் சொன்னவை மூன்று. அந்த வேலைக்கான திறமை, நம் நன்மையில் அவருக்கு அக்கறை இருக்கிறது என்ற எண்ணம், நாம் ஏற்கும் நெறிகளை அவர் விடாமல் கடைப்பிடிக்கிறார் என்ற எண்ணம். உங்கள் திறமையைப் பற்றி அங்கே யாருக்கும் சந்தேகம் இருக்காது. செய்து கொடுத்த வேலையே அதைச் சொல்லிவிடும். மற்ற இரண்டும் அப்படித் தெரிவதில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு நீங்கள் எதையாவது முன்கூட்டிச் சொல்லும்போதும், முடியாததை முடியாது என்று சொல்லும்போதும்தான் அவை வெளியே வரும். உங்களிடம் அக்கறையும் நேர்மையும் இல்லை என்று நான் சொல்லவில்லை. அவற்றைப் பார்க்கும் வாய்ப்பை நீங்கள் யாருக்கும் கொடுக்கவில்லை.

அதனால் கலகலப்பாக மாற முயலாதீர்கள். இயல்பில் இல்லாததை வரவழைத்தால் அது பார்க்கிறவர்களுக்கும் தெரிந்துவிடும். உங்களுக்குத் தேவை குறைவான, பயனுள்ள பேச்சு. ஒவ்வொரு பெரிய வேலையிலும் பாதி வழியில், கேட்பதற்கு முன்பே, எது முடிந்தது, எது சிக்கியிருக்கிறது, எப்போது கையில் கிடைக்கும் என்று மூன்று வரி எழுதி அனுப்புங்கள். கெட்ட செய்தியை முதல் ஆளாகச் சொல்லுங்கள். நாள் குறிக்கும்போது உங்களால் முடியும் நாளைச் சொல்லுங்கள். எதிரே இருப்பவர் சந்தோஷப்படுவார் என்று ஒரு நாளைக் குறைத்துச் சொல்லாதீர்கள். "பார்த்துச் சொல்கிறேன்" என்று சொன்ன சின்ன விஷயத்தைக்கூட மறக்காமல் பார்த்துச் சொல்லுங்கள். அந்தச் சொல்லை நம்பி ஒருவர் காத்துக்கொண்டிருப்பார்.

அப்புறம், விவரம் தராத அந்தப் பிரிவு. அங்கே இருப்பவரோடு எப்போது பேசுகிறீர்கள்? தாமதமானபோது மட்டும்தான் என்றால், உங்கள் பெயரைப் பார்த்தாலே அவருக்கு எரிச்சல் வரும். கெடு எதுவும் இல்லாத ஒரு நாளில் அவரிடம் போய், எந்தத் தேதியில் கேட்டால் அவருக்கு வசதி என்று கேளுங்கள். அவர் அனுப்பும் விவரம் எதற்குப் பயன்படுகிறது என்பதைக் காட்டுங்கள். பலருக்கு அது தெரியவே தெரியாது. ரிப்போர்ட் நன்றாக வந்தால், அவர் உதவியதை அவருடைய மேலாளரும் பார்க்கும்படி எழுதுங்கள். உண்மையைத்தானே எழுதுகிறீர்கள், இது காக்கா பிடிப்பது ஆகாது.

இப்படிப்பட்ட தூரத்துப் பழக்கங்களைக் குறைவாக மதிக்காதீர்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், தகவல் தந்தவரை அந்தச் சமயத்தில் எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று கேட்டார். 1973-ல் அவர் வெளியிட்ட கணக்குப்படி, அடிக்கடி என்றவர்கள் சுமார் 17 சதவீதம் மட்டுமே. எப்போதாவது என்றவர்கள் 56 சதவீதம், அரிதாக என்றவர்கள் 28 சதவீதம். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். புதிய செய்தி தள்ளி இருப்பவரிடமிருந்துதான் வருகிறது. நாளை வேறு பிரிவுக்கோ வேறு நிறுவனத்துக்கோ போக நினைத்தால், நண்பர்களைவிட இவர்கள்தான் வழி காட்டக்கூடும்.

பதவி உயர்வு பெற்றவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் சிரித்துப் பேசியே வாங்கிவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். அப்படியும் இருக்கலாம், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் யாருக்கு என்ன தேவை, எங்கே வேலை சிக்கியிருக்கிறது என்பதை அந்தப் பேச்சின் வழியாகவே அவர் தெரிந்துகொண்டிருக்கவும் கூடும். மேல் பதவிக்கு அது உதவும். அவரைப் பற்றி மற்றவர்களிடம் ஒரு வார்த்தைகூடக் குறையாகப் பேசிவிடாதீர்கள். கேட்கிறவர் தலையாட்டுவார், அதே சமயம், நாளை தன்னைப் பற்றியும் இவர் இப்படித்தான் பேசுவார் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொள்வார்.

சரி, மேலாளரிடம் கேட்கலாமா? கண்டிப்பாகக் கேளுங்கள். ஆனால் "எனக்கு ஏன் கொடுக்கவில்லை" என்று ஆரம்பித்தால், எடுத்த முடிவுக்கு வக்காலத்து வாங்கத்தான் அவருக்குத் தோன்றும். முதலில் அந்த ரிப்போர்ட் விஷயத்தில் முன்கூட்டியே சொல்லாதது தவறு என்று சொல்லி, அடுத்த ரிப்போர்ட்டில் அப்படி நடக்காமல் காட்டுங்கள். அதற்குப் பிறகு தனியாக நேரம் கேட்டு, "அடுத்த முறை என் பெயரைப் பரிசீலிக்க நான் எதில் மாற வேண்டும்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து அதே குறிப்போடு மறுபடி போய்ப் பேசுங்கள். அப்போதும் அவரிடமிருந்து தெளிவான பதில் வராவிட்டால், வேறு இடம் தேடத் தயங்க வேண்டாம்.