நிலச்சரிவு நடந்ததும் விஞ்ஞானிகள் அவசரமாக எதைப் பார்க்கிறார்கள்?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் மலையே இல்லை. வயநாடு போல ஓர் இடத்தில் சரிந்தபின் மீட்புக்குழுவுக்கு விஞ்ஞானிகளால் என்ன உதவி?

முதல் உதவியே, “இன்னும் சரியுமா?” என்ற கேள்விக்குப் பதில் சொல்வதுதான். நம்மூர் ஊருணிக் கரையை நினைத்துப் பாருங்கள். அடைமழையில் ஊறிய கரை ஒருமுறை பெயர்ந்தால், மேலே பிடிமானமின்றி நிற்கும் மண்ணும் அடுத்து விழக்கூடும். மண் துகள்களுக்கு இடையே சேரும் நீரின் அழுத்தம் அவற்றின் பிடியைத் தளர்த்திவிடுகிறது. மலைச்சரிவிலும் இதே கதைதான், அளவு மட்டும் பயங்கரம்.

2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதியில் நிலம் சரிந்தது. மறுநாளே இஸ்ரோவின் கார்ட்டோசாட்-3, ரிசாட் செயற்கைக்கோள்கள் மூலம் படங்கள் எடுக்கப்பட்டன. ரிசாட் ரேடாரால் படமெடுப்பது. மேகத்தை ஊடுருவுவது ரேடார், அதனால் மழைக்காலத்தில் ரிசாட் மிக முக்கியம். சரிவு சுமார் 1550 மீட்டர் உயரத்தில் தொடங்கி, ஏறத்தாழ 86,000 சதுர மீட்டர் நிலம் பெயர்ந்து, சகதி ஏறக்குறைய 8 கிலோமீட்டர் ஓடியது தெரிந்தது. எங்கே தேட வேண்டும் என்பதற்கு இந்தப் பாதைதான் வரைபடம்.

களத்தில் புவியியலாளர்கள் உச்சியில் புது விரிசல் உண்டா, மழை தொடருமா என்று பார்ப்பார்கள். ஓடையையும் கவனிப்பார்கள். மழை கொட்டும்போது ஓடையில் நீர் திடீரெனக் குறைந்தால் நல்லது என்று எண்ணாதீர்கள்! மேலே இடிபாடு அணைபோல் அடைத்திருக்கலாம், அது உடைந்தால் கீழே தோண்டிக்கொண்டிருப்பவர்கள் தப்ப நேரமே இருக்காது. என்னைக் கேட்டால், துல்லியமான அறிக்கை பிறகு வரட்டும். அந்த ஓடையைப் பார்க்க ஓர் ஆள் உடனே வேண்டும்.