மாசத்துக்கு ஒரு தடவை சளி, ரிப்போர்ட்ல லிம்போசைட் ‘ஹை’: என் பையனுக்கு எதிர்ப்பு சக்தி கம்மியா?

கேள்வி: டாக்டர், என் பையனுக்கு 2 வயசு 3 மாசம். ப்ளே ஸ்கூல்ல சேர்த்து நாலு மாசம் ஆச்சு, அதுக்குள்ள அஞ்சு தடவை சளி காய்ச்சல் வந்துடுச்சு. கழுத்துல ரெண்டு பக்கமும் சின்னச் சின்னதா நெறி கட்டியிருக்கு. ரத்த டெஸ்ட்ல வெள்ளை அணு 9,000, அதுல லிம்போசைட் 58 சதவீதம், நியூட்ரோஃபில் 34. லிம்போசைட் பக்கத்துல ‘ஹை’னு போட்டிருக்கு. எக்ஸ்ரேல நெஞ்சு நடுவுல தைமஸ் நிழல் தெரியுதாம், அது கட்டியா இருக்குமோன்னு பயமா இருக்கு. வீட்டுல எல்லாரும் இவனுக்கு எதிர்ப்பு சக்தியே இல்லங்கறாங்க. இம்யூனிட்டி சிரப் ஆரம்பிக்கலாமா? சளி இல்லாத நாள்ல நல்லா விளையாடறான், வெயிட்டும் ஏறிட்டு தான் இருக்கு.

பதில்: முதல்லயே சொல்லிடறேன்மா, சிரப் வேண்டாம். நீங்க எழுதினதுல என் கண்ணு போய் நின்னது கடைசி வரியில தான். எதிர்ப்பு சக்தி நிஜமாவே இல்லாத குழந்தைக்கு பெரும்பாலும் வெயிட் ஏறாது, ஒரு சளிக்கும் அடுத்த சளிக்கும் நடுவுல இப்படி ஓடி விளையாடவும் தெம்பு இருக்காது. நீங்க பயந்து பயந்து எழுதின மூணு விஷயம் இருக்கே, லிம்போசைட், நெறி, தைமஸ் நிழல், அந்த மூணுமே உள்ள வேலை ஒழுங்கா நடக்குதுன்னு எனக்குக் காட்டுது. எப்படின்னு ஒவ்வொண்ணா சொல்றேன்.

அந்த ‘ஹை’ங்கறது பெரும்பாலும் பெரியவங்க அளவை வச்சு ப்ரிண்ட் ஆகறது. பெரியவங்க ரத்தத்துல நியூட்ரோஃபில் தான் பாதிக்கு மேல இருக்கும். குழந்தைங்களுக்கு பிறந்து சில நாள்லயே அது தலைகீழா மாறி லிம்போசைட் மேல வந்துடும், நாலு அஞ்சு வயசுல ரெண்டும் சமமாகி, அப்புறம் தான் பெரியவங்க கணக்குக்கு வரும். சதவீதத்தை விடுங்க, எண்ணிக்கையைப் பாருங்க. 9,000ல 58 சதவீதம்னா 5,220. ரெண்டு வயசுக்கு சுமாரா 3,000லேர்ந்து 9,500 வரைக்கும் நார்மல். நியூட்ரோஃபில் 3,060 வருது, அது 1,500க்கு கீழ போனா தான் நாங்க யோசிப்போம். எங்களுக்கு நிஜமா வயித்தைக் கலக்கறது லிம்போசைட் கம்மியா இருக்கற ரிப்போர்ட் தான், அதுவும் கைக்குழந்தைக்கு 3,000க்கு கீழன்னா அன்னிக்கே அடுத்த டெஸ்ட்டுக்கு அனுப்பிடுவோம்.

இந்த அணுக்கள் எல்லாமே எலும்பு மஜ்ஜையில இருக்கற ஸ்டெம் செல்லுலேர்ந்து தான் வருது. நியூட்ரோஃபில் அவசரத்துக்கு ஓடி வர்ற ஆள், பெரியவங்க உடம்புல ஒரு நாளைக்கு சுமாரா 10,000 கோடி உற்பத்தியாகி, ரத்தத்துல சில மணி நேரம் சுத்திட்டு போயிடும். அதுக்கு குறிப்பா இந்தக் கிருமின்னு ஆள் தெரியாது, கிருமிங்களுக்கு பொதுவா இருக்கற சில அடையாளம் தெரிஞ்சா போதும், பாய்ஞ்சு முழுங்கிடும். சளி ரெண்டு மூணு நாள்ல பச்சையா மாறுதே, அந்தப் பச்சை எங்கேர்ந்து வருதுன்னு நினைக்கறீங்க? நியூட்ரோஃபில்லுக்குள்ள மைலோபெராக்சிடேஸ்னு இரும்பு சேர்ந்த ஒரு என்சைம் இருக்கு, அதோட நிறமே பச்சை. கூட்டமா வந்து சண்டை போட்டு செத்து விழுந்த அணுக்களோட நிறத்தைத் தான் நீங்க கைக்குட்டையில பார்க்கறீங்க. சாதாரண வைரஸ் சளியிலயும் இப்படித்தான் வரும், அதனால பச்சையா வந்துடுச்சு ஆன்டிபயாடிக் கொடுங்கன்னு தயவுசெஞ்சு கேட்காதீங்க.

இப்ப தைமஸுக்கு வர்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. மார்பெலும்புக்கு பின்னாடி, இதயத்துக்கு மேல உட்கார்ந்திருக்கற மென்மையான சுரப்பி. சின்னக் குழந்தைங்களுக்கு உடம்பு அளவுக்கு இது பெருசா இருக்கும், எக்ஸ்ரேல சில சமயம் பாய்மரம் மாதிரி முக்கோணமா ஒரு பக்கம் நீட்டிட்டு தெரியும், வயசு ஏற ஏற சுருங்கி கொழுப்பா மாறிடும். இது பெருசா இருந்தா மூச்சை அடைச்சு குழந்தை செத்துடும்னு போன நூற்றாண்டோட முதல் பாதியில டாக்டர்களே நம்பினாங்க. காரணம் என்னன்னா அவங்க பிரேதப் பரிசோதனையில அதுவரைக்கும் பார்த்ததெல்லாம் ரொம்ப நாள் நோயில கிடந்து இறந்த குழந்தைங்களோட தைமஸ், நோயோட அழுத்தத்துலயே அது சுருங்கிப் போயிருக்கும், அதையே நார்மல்னு எடுத்துக்கிட்டதால திடீர்னு இறந்த குழந்தையோட நல்ல தைமஸ் வீங்கின மாதிரி தெரிஞ்சது. அதைச் சுருக்கறதுக்காக ஆயிரக்கணக்கான குழந்தைங்களுக்கு கதிர்வீச்சு கொடுத்தாங்க, பிற்காலத்துல அவங்கள்ல பல பேருக்கு தைராய்டு புற்றுநோய் வந்தது. இதை நினைச்சா இப்பவும் எனக்கு மனசு கஷ்டமா இருக்கும். ஜாக்ஸ் மில்லர் 1961ல லண்டன்ல, பிறந்த உடனே எலிக்குட்டிங்களோட தைமஸை எடுத்துப் பார்த்தப்ப தான் உண்மை தெரிஞ்சது: லிம்போசைட் குறைஞ்சு போச்சு, வேற எலியோட தோலை ஒட்டினாக் கூட அந்த உடம்பு எதிர்க்கல, நோய் வந்து செத்துப் போச்சுங்க.

அப்படி என்னதான் அங்க நடக்குது? மஜ்ஜையிலேர்ந்து வர்ற இளம் செல்லுங்க தைமஸுக்குள்ள போய் டி செல்ங்கற வகை லிம்போசைட் ஆகுது. கிருமியை அடையாளம் பார்க்கற ரிசெப்டருக்கான ஜீன் நம்ம டிஎன்ஏல முழுசா இருக்காது, துண்டு துண்டா தான் இருக்கும், ஒவ்வொரு செல்லும் அதை வெட்டி, ஒட்டி, தன் இஷ்டத்துக்கு ஒரு ரிசெப்டர் பண்ணிக்கும். (கிருமி மேல போய் ஒட்டற ஆன்டிபாடிங்கற புரதத்தைத் தயாரிக்கற இன்னொரு வகை லிம்போசைட்டான பி செல்லும் மஜ்ஜையிலயே இதே வித்தையைப் பண்ணும், ஆன்டிபாடி ஜீன்ல இதைக் கண்டுபிடிச்சதுக்கு தான் சுசுமு டோனெகாவாவுக்கு 1987ல நோபல் கொடுத்தாங்க.) குருட்டாம்போக்கா பண்றதால இதுவரைக்கும் உலகத்துலயே வராத கிருமிக்குக் கூட பொருந்தற ரிசெப்டர் ஒண்ணு யார்கிட்டயாவது இருக்கும், ஆனா நம்ம உடம்பையே கடிக்கற ரிசெப்டரும் உருவாகும் இல்லையா, அதுக்கு தான் தைமஸ்ல பரீட்சை. செல்லுக்கு மேல நின்னு உள்ள இருக்கற புரதத் துண்டுகளை நீட்டிக் காட்டற நம்ம சொந்த ஹெச்எல்ஏ புரதத்தைப் பிடிக்கத் தெரியலன்னா ஃபெயில், நம்ம உடம்போட புரதத்தை ரொம்ப இறுக்கிப் பிடிச்சாலும் ஃபெயில். கணையத்துல வர்ற இன்சுலின் மாதிரியான புரதத்தைக் கூட அங்கயே கொஞ்சம் தயாரிச்சு காட்டி சோதிப்பாங்க, அந்த வேலையைப் பார்க்கற ஜீனுக்கு ஏர்னு பேர். நூத்துக்கு தொண்ணூத்தஞ்சுக்கும் மேல அங்கயே அழிஞ்சுடும். பாஸானதுல சிலது மத்த செல்லுங்களை அடக்கி வைக்கற ரெகுலேட்டரி டி செல்லா வெளியே வரும், அதைப் பத்தின வேலைக்கு தான் 2025 மருத்துவ நோபல் மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூணு பேருக்கும் போச்சு.

அந்த வெட்டி ஒட்டற வேலையில மிச்சமாகற டிஎன்ஏ துண்டு சின்ன வளையமா சுருண்டு செல்லுக்குள்ளயே கிடக்கும். பிறந்த குழந்தையோட குதிகால்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அந்த வளையத்தை எண்ணினா தைமஸ் வேலை செய்யுதான்னு தெரிஞ்சுடும், ஸ்கிட்னு சொல்ற கடுமையான எதிர்ப்பு சக்திக் குறைபாட்டை இப்படித்தான் பல நாடுகள்ல பிறந்தவுடனே கண்டுபிடிக்கறாங்க. அந்த நோய் இருக்கற குழந்தைக்கு பெரும்பாலும் எக்ஸ்ரேல தைமஸ் நிழலே தெரியாது. உங்க பையனுக்குத் தெரியுது! அதனால தான் உங்களுக்குப் பயமா இருந்த அந்த வரியைப் படிச்சப்ப எனக்கு நிம்மதியா இருந்தது.

அடுத்து நெறி. மூக்குல, தொண்டையில வைரஸ் நுழைஞ்சதும் அங்க காவல் காக்கற டென்ட்ரிடிக் செல் அதோட துண்டுகளை எடுத்துக்கிட்டு பக்கத்துல இருக்கற நெறிக்கு வரும், தொண்டைக்கு பக்கம்னா கழுத்து தான். டி செல்லுக்கு முழு வைரஸைப் பார்த்தா ஒண்ணும் புரியாது, ஹெச்எல்ஏ புரதத்து மேல வச்சு நீட்டற சின்னத் துண்டைத் தான் அது படிக்கும், வைரஸை அது இப்படி உடம்போட சொந்தப் புரதத்தோட சேர்த்துத் தான் அடையாளம் பார்க்கும்னு 1974ல பீட்டர் டோஹெர்ட்டியும் ரோல்ஃப் சிங்கர்னாகலும் எலிங்ககிட்ட காட்டினாங்க. அந்தத் துண்டுக்குப் பொருந்தற டி செல் 1 லட்சத்துல ஒண்ணோ, 10 லட்சத்துல ஒண்ணோ தான் இருக்கும். அந்த ஒண்ணு கிடைக்கறதுக்கு தான் கோடிக்கணக்கான செல் அந்த நெறி வழியா வந்து வந்து போகுது, கிடைச்சவுடனே அது ரெண்டாகி நாலாகி பெருகும், பி செல்லுங்க பக்கத்துலயே தன் ஆன்டிபாடியை திரும்பத் திரும்ப மாத்தி மாத்தி இன்னும் நல்லா ஒட்டறதைத் தேர்ந்தெடுக்கும். அவ்ளோ கூட்டம் கூடினா வீங்காம என்ன பண்ணும்? விரலால தொட்டா நழுவுற மாதிரி, மெத்துன்னு, ஒரு சென்டிமீட்டருக்குள்ள இருந்தா விட்டுடுங்க, சளி போனப்புறமும் சில வாரம் அப்படியே இருக்கலாம். ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல போனாலோ, கல்லு மாதிரி அசையாம இருந்தாலோ, காறை எலும்புக்கு மேல வந்தாலோ காட்டணும்.

இந்த ஏற்பாடு முதல் தடவை முழுசா நடக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதே கிருமி ரெண்டாவது தடவை வந்தா நினைவு செல் ரெடியா இருக்கறதால சீக்கிரமே முடிஞ்சுடும். 1846ல ஃபாரோ தீவுகள்ல தட்டம்மை பரவினப்ப பீட்டர் பானும்ங்கற டாக்டர் கவனிச்சார், 1781ல வந்த தட்டம்மையில மாட்டின கிழவங்க ஒருத்தருக்குக் கூட திரும்ப வரல. 65 வருஷ ஞாபகம்! அப்ப உங்க பையனுக்கு மட்டும் ஏன் சளி திரும்பத் திரும்ப வருதுன்னா, அது ஒரே சளி கிடையாது. ரைனோவைரஸ் மட்டுமே 160 வகைக்கு மேல இருக்கு, ஒண்ணோட ஞாபகம் இன்னொண்ணுக்கு பெருசா உதவாது. உங்ககிட்டேர்ந்து நஞ்சுக்கொடி வழியா வாங்கின ஆன்டிபாடி ஆறு மாசத்துலயே தீர்ந்திருக்கும், அவனோட சொந்த ஆன்டிபாடி இன்னும் ஏறிட்டு இருக்கு. முதல் வருஷம் ப்ளே ஸ்கூல் போற குழந்தைக்கு பத்து பன்னிரண்டு சளி வரைக்கும் நாங்க எதிர்பார்க்கறது தான்.

எப்ப நிஜமா டெஸ்ட் பண்ணணும்னு கேட்டா, ஒரு வருஷத்துல ரெண்டு தடவை நிமோனியா, நாலு தடவையோ அதுக்கு மேலயோ காதுல சீழ், ஆன்டிபயாடிக் ரெண்டு மாசம் கொடுத்தும் கேட்காதது, வாய்ல வெள்ளையா பூஞ்சை போகாம இருக்கறது, ஆழமா சீழ்க்கட்டி திரும்பத் திரும்ப வர்றது, வெயிட் ஏறாதது, குடும்பத்துல யாருக்காவது இந்தக் குறைபாடு இருக்கறது, இல்ல கைக்குழந்தையிலயே தொற்று வந்து இறந்தது. இதுல எது இருந்தாலும் ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம்ங்கற ஆன்டிபாடி வகைகளோட அளவும், செல்லை வகை பிரிச்சு எண்ணற ஃப்ளோ சைட்டோமெட்ரியில டி, பி, என்கேங்கற மூணு வகை லிம்போசைட் எண்ணிக்கையும் பார்ப்போம், அந்த ரிசல்ட் வர்ற வரைக்கும் உயிருள்ள கிருமியை பலவீனமாக்கிப் போடற தடுப்பூசி எதுவும் போடாம நிறுத்தி வைப்போம். உங்க பையனுக்கு இதுல ஒண்ணு கூட நீங்க எழுதல.

சிரப் விஷயம். ‘பூஸ்ட்’ பண்றோம்னு சொல்றாங்களே, எந்த செல்லை? நியூட்ரோஃபில்லையா, பி செல்லையா, அடக்கி வைக்கற ரெகுலேட்டரி செல்லையா? எல்லாத்தையும் கண்டபடி தூண்டினா நமக்கு நல்லதே கிடையாது, அலர்ஜியும் ஆட்டோஇம்யூன் நோயும் அடங்காத எதிர்ப்பு சக்தியால தான் வருது. இரும்போ வைட்டமின் டியோ குறைவுன்னு டெஸ்ட்ல தெரிஞ்சா அதை மட்டும் கொடுங்க. தடுப்பூசி அட்டையை எடுத்து ஏதாவது விட்டுப் போயிருக்கான்னு பாருங்க, முக்கியமா தட்டம்மை ஊசி, ஏன்னா தட்டம்மை வந்தா ஏற்கெனவே சேர்த்து வச்ச ஞாபகத்தையே அழிச்சுடும், ஊசி போடாம தட்டம்மை வந்த குழந்தைங்களுக்கு பழைய ஆன்டிபாடிகள்ல 11லேர்ந்து 73 சதவீதம் வரைக்கும் காணாமப் போனதா 2019ல வந்த ஆய்வு காட்டிச்சு. வீட்டுல யாராவது சிகரெட் பிடிச்சா அதை நிறுத்தச் சொல்லுங்க. ஸ்கூல்லேர்ந்து வந்ததும் சோப்பு போட்டு கை கழுவ வைங்க.

சளி வர்றப்ப மூச்சு வேகமா வாங்கினாலோ, விலாவுக்கு நடுவுல குழி விழுந்தாலோ, காய்ச்சல் இறங்கின நேரத்துலயும் சுருண்டு படுத்தே கிடந்தாலோ அன்னிக்கே கூட்டிட்டுப் போங்க. மத்தபடி இந்த ரத்த டெஸ்ட்டை திரும்ப எடுக்க வேண்டாம், எக்ஸ்ரேவும் வேண்டாம். மாசத்துக்கு ஒரு தடவை வெயிட் மட்டும் எழுதி வைங்க, ஆறு மாசத்துல ஏறாம நின்னுச்சுன்னா எனக்குத் திரும்ப எழுதுங்க.