187.5 கட்ஆஃபுக்கு என்ன ரேங்க் வரும்?

தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வுக்கு மகளின் கட்ஆஃப் (பிளஸ் டூ மார்க்கிலிருந்து கணக்கிடும் மொத்தம்) 187.5, ரேங்கைக் கணிக்கும் இரண்டு இணையதளங்கள் ஐயாயிரம் ரேங்க் வித்தியாசம் காட்டுகின்றன, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் நம்ப வேண்டாம். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கணக்கிடுவதால் கட்ஆஃப் பெரும்பாலும் அரை அரை மார்க்காகத்தான் ஏறும். அந்த அரை மார்க்குக்குள் பெரிய கூட்டமே நிற்கும். சமமாக வந்தால் முதலில் கணித மார்க், அடுத்து இயற்பியல். அதற்கடுத்த அளவுகோல்களிலும் பிரியாவிட்டால் கடைசியில் ரேண்டம் எண், அதாவது கணினி குலுக்கல் முறையில் தரும் எண். இதை எந்தத் தளம் கணிக்க முடியும்? போதாக்குறைக்கு, அவை வைத்திருப்பது போன வருடக் கணக்கு. இந்த வருடம் வேதியியல் தாள் எளிதாக இருந்தால் எல்லாம் தலைகீழ்.

ரேங்கை விடுங்கள். நீங்கள் விரும்பும் கல்லூரியில், அந்தப் பாடப்பிரிவில், உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்குப் (BC, MBC போன்றவை) போன வருடம் கடைசி இடம் எந்தக் கட்ஆஃபில் போனது என்று பாருங்கள். அதற்கு இரண்டு மூன்று மார்க் மேலேயும் கீழேயும் உள்ள கல்லூரிகளைச் சேர்த்து சாய்ஸ் பட்டியல் (கலந்தாய்வில் தரும் விருப்ப வரிசை) போடுங்கள். ஆசைப்பட்டது மேலே இருக்கட்டும்.