வார்டு கிளார்க் வேலைக்குப் போகலாமா என்று கேட்ட தங்கைக்கு

திருச்சியில் பி.காம். முடித்து ஒரு கிளினிக் ரிசப்ஷனில் இருந்தேன், கணவர் நர்ஸ், அவரோடு டிபெண்டன்ட் விசாவில் இங்கிலாந்து வந்திருக்கிறேன், ஆஸ்பத்திரி வார்டில் கிளார்க் வேலை எனக்குச் சரிப்படுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சரிப்படும். உங்கள் விசாவில் வேலை பார்க்க, வேலை தருகிறவர் தனியாக ஸ்பான்சர் செய்யத் தேவையில்லை. நானும் அதே வழியில் வந்தவள்தான், இன்றும் வார்டு மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இங்குள்ள அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.ஸில் இது பெரும்பாலும் சம்பளப் படிநிலையில் பேண்ட் 2 அல்லது 3, முழு நேரம் என்றால் வாரம் 37.5 மணி நேரம். பெரிய சம்பளம் இல்லை. ஆனால் சின்ன வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு நோயாளி வீட்டுக்குப் போனதும் கம்ப்யூட்டரில் பதிய வேண்டியது நீங்கள்தான். அதைப் பதியாத வரை படுக்கை காலி என்று யாருக்கும் தெரியாது, கீழே எமர்ஜென்சியில் ஒரு முதியவர் டிராலியிலேயே காத்துக் கிடப்பார். ஒருவர் இறந்துவிட்டால் அதையும் உடனே பதிய வேண்டும். தவறினால் அடுத்த வாரம் 'உங்கள் ஸ்கேன் தேதி' என்று அவர் பெயருக்கே வீட்டுக்குக் கடிதம் போகும், அதைப் பிரித்துப் படிப்பது அவர் மனைவியாக இருக்கும். அதனால் வேறு எது பாக்கி நின்றாலும் இதை நான் நாளைக்கென்று வைப்பதில்லை.

டைப்பிங் எல்லாம் வந்துவிடும், கவலைப்படாதீர்கள். கஷ்டம் போனில்தான். காலையில், "எங்கள் அம்மா எப்படி இருக்கிறார்?" என்று மகள் அழுதுகொண்டே கேட்பாள், ரிப்போர்ட் உங்கள் கண்ணெதிரே திரையில் இருக்கும், இருந்தாலும் நீங்கள் சொல்லக் கூடாது. நம் ஊர் கிளினிக்கில் ஆறுதலாக "நல்லா இருக்காங்கம்மா" என்று சொல்லிவிடுவோம், இங்கே அதுகூடக் கூடாது. "நான் வார்டு கிளார்க், அம்மாவைப் பார்க்கும் நர்ஸைக் கூப்பிடுகிறேன்" என்று சொல்லி, நர்ஸ் கையில் ரிசீவர் போய்ச் சேரும்வரை விடாமல் பாருங்கள். அழுகிறவளைக் காக்க வைத்துவிட்டு மறந்துபோவதுதான் பெரிய பாவம். அப்புறம், ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரே வார்டில் இருப்பது சகஜம், எனவே பெயர், பிறந்த தேதி, நோயாளிக்குரிய 10 இலக்க என்.எச்.எஸ். எண் எல்லாவற்றையும் ஒத்துப் பார்க்காமல் எதையும் தொடாதீர்கள். யாருக்காவது இதயத் துடிப்பு நின்றுவிட்டால் ஆஸ்பத்திரி போனில் 2222 அழுத்தி, எந்த வார்டு, பெரியவரா குழந்தையா என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். நம் ஆங்கில உச்சரிப்பு ஒரு தடையே இல்லை, நிதானமாகப் பேசினால் போதும்.

விண்ணப்பம் என்.எச்.எஸ். ஜாப்ஸ் தளத்தில். விளம்பரத்தோடு தகுதிப் பட்டியல் ஒன்று இருக்கும், அதில் 'கட்டாயம்' என்று உள்ள ஒவ்வொன்றுக்கும் உங்கள் கிளினிக் அனுபவத்திலிருந்து ஒரு உதாரணம் எழுதுங்கள். அந்தப் பட்டியலை வைத்துத்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள், 'கடினமாக உழைப்பேன்' என்று பொதுவாக எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. நிரந்தர வேலை உடனே அமையாவிட்டால் ஆஸ்பத்திரியின் 'பேங்க்' பட்டியலில் சேருங்கள், ஆள் குறையும் நாட்களில் ஷிப்ட் தருவார்கள், வார்டுகாரர்களும் உங்களைத் தெரிந்துகொள்வார்கள்.

வேலை உறுதியானாலும் போலீஸ் சரிபார்ப்பு, முந்தைய வேலைக்கான சான்று எல்லாம் முடிய வாரக்கணக்கில் இழுக்கும். திருச்சி கிளினிக்கில் யார் உங்களுக்காக அந்தச் சான்றை எழுதித் தருவார்கள் என்று இப்போதே பேசி வையுங்கள், கிளினிக் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தால் ரொம்ப நல்லது.