அந்த 320 ரூபாய் எங்கே போனது?

"மகள் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கணக்கு எழுதுவதையெல்லாம் இனி ஏஐயே பார்த்துக்கொள்ளும், இந்தப் படிப்புக்கு வேலை கிடைக்காது என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். வீட்டில் லேப்டாப்பும் இல்லை. ஏதாவது ஏஐ கோர்ஸில் சேர்த்துவிடட்டுமா?" பெரம்பூரிலிருந்து ஒரு தாயின் கேள்வி இது.

அம்மா, கோர்ஸுக்கு எடுத்து வைத்த பணம் அப்படியே இருக்கட்டும். உங்கள் வீட்டு பேங்க் ஸ்டேட்மென்ட் மூன்று மாதத்துக்கு இருந்தால் இப்போதைக்குப் போதும். மகளிடம் அதை எக்செல்லில் போட்டு, ஏஐ உதவியோடு செலவு வாரியாகப் பிரித்து, கடைசி ரூபாய் வரை டேலி ஆக்கச் சொல்லுங்கள். ஒருமுறை ஒழுங்காக முடித்துவிட்டால், ஏஐ எந்த வேலையை எடுத்துக்கொள்கிறது, எதை அவளிடம் விட்டுவைக்கிறது என்பது அவளுக்கே பிடிபடும். தி.நகர் ஆடிட் ஆபீஸாக இருக்கட்டும், ஓ.எம்.ஆரில் வெளிநாட்டுக் கம்பெனிக்கு பில் பார்க்கும் பிரிவாக இருக்கட்டும், புதிதாகச் சேர்கிறவர் கையில் முதலில் வந்து விழும் வேலையும் ஏறக்குறைய இதே ரகம்தான்.

எல்லோரும் செய்கிற முதல் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். மொத்த ஸ்டேட்மென்டையும் ஏஐயில் ஒட்டி, "செலவைப் பிரித்துக் கூட்டிக் கொடு" என்று கேட்பார்கள். அரை நிமிடத்தில் அழகான அட்டவணை வரும். அந்த அழகுதான் ஆபத்து. ஒரு மாதத்தை எடுத்துக்கொள்வோம். ஆரம்ப இருப்பு 42,310. வரவு 61,500. பற்று 58,275. அப்படியானால் முடிவு இருப்பு 45,535 இருக்க வேண்டும்; ஸ்டேட்மென்டிலும் அதுவே இருக்கிறது. ஆனால் ஏஐ கொடுத்த தலைப்புகளைக் கால்குலேட்டரில் கூட்டினால் 57,955 வருகிறது. 320 ரூபாயைக் காணோம்.

தேடினால் கிடைக்கும். ஒரே நாளில் ஒரே கடைக்கு இரண்டு முறை 320 போயிருக்கும். ஒன்றை டூப்ளிகேட் என்று நினைத்து ஏஐ விட்டிருக்கும். இந்த ஏஐக்குள் இருக்கும் மொழி மாதிரி (லாங்வேஜ் மாடல்) என்பது அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்து எழுதுகிற ஏற்பாடு. நீளமான பட்டியலில் நடுவே ஒன்றிரண்டு வரிகளைத் தாண்டிப் போவதும், கூட்டலை உத்தேசமாகச் சொல்வதும் அதற்கு இயல்பு. சில ஏஐகள் உள்ளுக்குள்ளே புரோகிராம் எழுதிக் கூட்டுகின்றன, அங்கே கூட்டல் சரியாக வரும். ஆனாலும் எதை எந்தத் தலைப்பில் போட்டது என்ற சிக்கல் அப்படியேதான் நிற்கும்.

ஆகவே ரூபாய் எண்ணிக்கை ஏஐயின் கை வழியாகப் போகவே கூடாது. பெயருக்குத் தலைப்பு சொல்வது மட்டும் அதன் வேலை. கூட்டுவதை எக்செல் பார்த்துக்கொள்ளும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

இனி செய்முறை. நெட் பேங்கிங்கில் ஸ்டேட்மென்டை பிடிஎஃப் ஆக எடுக்காமல் எக்செல் அல்லது சிஎஸ்வி (எக்செல்லில் திறக்கக்கூடிய எளிய அட்டவணை ஃபைல்) ஆக இறக்கட்டும். இறக்கியதை 'ஒரிஜினல்' என்று ஒரு ஷீட்டில் வைத்துவிட்டு அதைத் தொடவே கூடாது, நகலில்தான் வேலை. முதல் நெடுவரிசையில் 1, 2, 3 என்று வரிசை எண் போட வேண்டும். பின்னால் எதை எப்படி மாற்றி அடுக்கினாலும் பழைய வரிசைக்குத் திரும்ப வழி அது ஒன்றுதான்.

அடுத்தது தேதி. இங்கே விழாதவர் குறைவு. நம் பேங்குகள் நாள்/மாதம்/ஆண்டு என்று எழுதும். கம்ப்யூட்டர் செட்டிங்ஸில் ரீஜன் (எந்த நாடு என்பது) அமெரிக்கா என்று இருந்தால் 05/04/2025 என்பதை எக்செல் மே 4 என்று எடுத்துக்கொள்ளும். 25/04/2025 வந்தால் 25-ஆவது மாதம் கிடையாதே, அதனால் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். பாதி தப்பு, பாதி எழுத்து. எந்த எச்சரிக்கையும் வராது. கண்டுபிடிப்பது சுலபம்: தேதியாக ஏற்றது கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும், எழுத்தாக விட்டது இடது ஓரத்தில் நிற்கும். ஒரே நெடுவரிசையில் சிலது இந்தப் பக்கமும் சிலது அந்தப் பக்கமும் தெரிந்தால், ரீஜனை இந்தியா என்று மாற்றிவிட்டு ஃபைலைப் புதிதாக இறக்கித் திறக்க வேண்டும். ஏற்கெனவே கெட்டுப்போனதைக் கையால் திருத்த உட்கார்ந்தால் பொழுது போய்விடும்.

தொகைக்கும் இதே வியாதி உண்டு. "1,250.00 Dr" என்பதை "டிஆர்" (டெபிட், அதாவது பற்று) ஒட்டோடு தரும் பேங்க் இருக்கிறது, அந்த ஒட்டை நீக்கும்வரை அது எண் ஆகாது, கூட்டலில் சேராது. பன்னிரண்டு இலக்க யுபிஐ எண் பாதி மறைந்து, நடுவில் புள்ளியும் 'ஈ' எழுத்துமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், எண் உள்ளே பத்திரமாக இருக்கிறது. ஆனால் எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். பதினாறு இலக்கக் கார்டு எண்ணை அப்படியே போட்டால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். அந்த நெடுவரிசையை முன்கூட்டியே டெக்ஸ்ட் என்று மாற்றி வைக்க வேண்டும்.

இதெல்லாம் முடிந்தபின் பெயர்களை மட்டும் தனியே பிரிக்க வேண்டும். நரேஷனில் (ஒவ்வொரு என்ட்ரிக்கும் பேங்க் தரும் விவரக் குறிப்பில்) யுபிஐ, டிஆர், பன்னிரண்டு இலக்க எண், வாங்கியவர் பெயர், பேங்க் என்று சாய்கோடு போட்டுப் பிரித்திருக்கும். டேட்டா மெனுவில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' கொடுத்து சாய்கோட்டில் வெட்டினால் பெயர் தனி நெடுவரிசையில் வந்து உட்காரும். ட்ரிம் ஃபார்முலா போட்டு ஓரத்து இடைவெளியை நீக்கி, பெயர்களை வேறு ஷீட்டில் நகலெடுத்து டூப்ளிகேட்டை எடுத்துவிட்டால், மாதம் 180 என்ட்ரி இருந்த இடத்தில் 58 பெயர் என்கிற மாதிரி சுருங்கிவிடும். ஏஐக்குப் போக வேண்டியது, 1, 2, 3 என்று எண் போட்ட இந்தப் பட்டியல்தான். கணக்கு எண்ணும் இருப்பும் அதில் இருக்கக் கூடாது. பலருடைய யுபிஐ ஐடி அவர்களுடைய போன் நம்பரிலேயே தொடங்கும். அதையும் அழித்துவிட வேண்டும். தனி ஆட்களின் பெயரை, நகல் ஷீட்டிலும் சேர்த்து, 'ஆள் 1', 'ஆள் 2' என்று மாற்றிக்கொண்டால் இன்னும் நல்லது.

கேட்கிற விதத்துக்கு ஒரு மாதிரி: "கீழே உள்ள ஒவ்வொரு பெயருக்கும் இந்த 12 தலைப்புகளில் ஒன்றை மட்டும் கொடு: மளிகை-காய்கறி, பால், வாடகை, கரண்ட், தண்ணீர், பயணம், படிப்பு, மருத்துவம், போன், ஓட்டல், சேமிப்பு-சீட்டு, சொந்தக் கணக்கு மாற்றம். புதுத் தலைப்பு உண்டாக்காதே. உறுதியாகத் தெரியாவிட்டால் 'கேட்க வேண்டும்' என்று போடு. நான் கொடுத்த எண், பெயர், தலைப்பு, ஒரு வரிக் காரணம் என்று அட்டவணையாகத் தா. பெயரின் எழுத்தை மாற்றாதே. எதையும் கூட்டாதே. 58 பெயர் கொடுத்திருக்கிறேன், 58 வர வேண்டும்." தலைப்பை நாம் கட்டிப்போடவில்லை என்றால் 'உணவு', 'சாப்பாடு', 'உணவகம்' என்று ஒன்றையே மூன்றாக்கும். 'கேட்க வேண்டும்' என்ற வழி இல்லையென்றால் தெரியாததையும் தெரிந்த மாதிரி எங்காவது தள்ளிவிடும். நூற்றுக்கு மேல் பெயர் இருந்தால் ஐம்பது ஐம்பதாக அனுப்பலாம்.

வந்த அட்டவணையை வேறு ஷீட்டில் வேல்யூவாக ஒட்டி, எக்ஸ்லுக்கப் (பெயரைத் தேடி அதற்கு நேரே இருப்பதை எடுத்துத் தரும் ஃபார்முலா) போட்டு ஒவ்வொரு என்ட்ரிக்கும் தலைப்பை இழுத்து, பிவட் டேபிளில் (தலைப்பு வாரியாகத் தொகுத்துத் தரும் அட்டவணையில்) கூட்டினால் வேலை முடிந்தது. அடுத்த மாதம் புதுப் பெயர் மட்டும்தான் ஏஐக்குப் போகும். எக்ஸ்லுக்கப் சில இடத்தில் பிழை காட்டினால், ஏஐ பெயரின் எழுத்தை எங்கோ 'திருத்தியிருக்கிறது' அல்லது அந்தப் பெயரையே விட்டிருக்கிறது என்று அர்த்தம். மொத்தம் ஒத்துப்போகாவிட்டால் பழைய கணக்குப்பிள்ளை உபாயங்கள் இன்றும் கைகொடுக்கும். வித்தியாசத் தொகையை அப்படியே தேடு; இல்லையென்றால் அதில் பாதியைத் தேடு, பற்று வரவாக மாறியிருக்கலாம்; வித்தியாசம் 9 ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் 450-ஐ 540 ஆக்குவது போல் இலக்கம் இடம் மாறியிருக்கலாம்.

'கேட்க வேண்டும்' என்று நிற்கிற பட்டியலில்தான் உங்கள் மகளின் வேலை தொடங்குகிறது. நம் ஊரில் டீக்கடை, பூக்காரம்மா, ஆட்டோ, தண்ணி கேன் எல்லாவற்றுக்கும் க்யூஆர் தனி ஆளின் பெயரில்தான் இருக்கும். ஸ்டேட்மென்டில் தெரிவது யாரோ ஒருவர் பெயர். ஏஐ அதை நண்பருக்குக் கொடுத்த கடன் என்று நினைத்தாலும் குற்றம் சொல்ல முடியாது. உங்கள் மகள் வேறு விதமாகப் பார்க்கலாம்: அதே பெயருக்கு நான்கு நாளுக்கு ஒருமுறை 80 ரூபாய் போகிறது, கேன் 40 ரூபாய் என்றால் இரண்டு கேன். 5-ஆம் தேதி தவறாமல் பெரிய தொகை ஒருவருக்குப் போனால் வீட்டுக்காரர். இப்படித் தொகையையும் தேதியையும் வைத்து ஆளைப் பிடிப்பது ஆடிட்டில் பெரிய பழக்கம்.

தலைப்பு சரியாக இருந்தும் கணக்கு தப்பாவது இன்னொரு வகை. கிரெடிட் கார்டு பில் கட்டிய தொகையும், கார்டில் வாங்கிய பொருட்களும் இரண்டுமே செலவில் ஏறினால் ஒரே பணம் இரண்டு தடவை போன மாதிரி ஆகும். சீட்டுப் பணம், நகைக்கடையில் 11 மாதம் கட்டுகிற பணம் இரண்டும் செலவில்லை, சேமிப்பு. வீட்டு அட்வான்ஸ் திரும்பி வர வேண்டிய பணம்; ஏஐ அதை வாடகையில் போட்டுவிடும். கரண்ட் பில் நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று சொல்லாவிட்டால், ஒரு மாத பில் விடுபட்டிருக்கிறது என்று அது எச்சரிக்கை கொடுக்கும். சிரித்துவிட்டுத் தாண்டலாம்.

ஆபீஸில் இதே தவறுகளுக்கு விலை உண்டு. 42,000 ரூபாய்க்கு வாங்கிய புது ஏசியை ஏஐ 'ரிப்பேர், பராமரிப்பு' என்று போடும், ஏனென்றால் அந்தக் கடை பெயரில் 'சர்வீஸ்' என்று இருக்கும். அது சொத்து, தேய்மானம் போட வேண்டியது. ஊழியருக்கு வாங்கிய சாப்பாட்டு பில்லில் ஜிஎஸ்டி இருந்தாலும் பொதுவாக அதை உள்ளீட்டு வரியாக (கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் வரியாக) எடுக்க முடியாது. ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், சில விலக்குகள் தவிர, வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவு கழியாது. என்ட்ரி போடும்போதே இவற்றைத் தனியே குறித்துவைக்கிற பிள்ளையை எந்த ஆபீஸும் விடாது. உங்கள் மகள் பி.காமில் படிக்கிற பாடம் இதுதானே? ஏஐ வந்ததால் அந்தப் பாடம் பழசாகவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆபீஸில் சேர்ந்தபின் கிளையன்ட் ஸ்டேட்மென்டைத் தன் சொந்த ஏஐ கணக்கில் ஒட்டவே கூடாது. கிளையன்ட் விவரத்தை அனுமதியில்லாமல் வெளியே விடுவது 1949-ஆம் ஆண்டின் சிஏ சட்டப்படி ஆடிட்டருக்குத் தொழில் தவறு. ஆபீஸ் எந்த ஏஐயை அனுமதிக்கிறது என்று முதல் நாளே கேட்டுக்கொள்வது மரியாதை, பாதுகாப்பும் கூட.

சிஏ பக்கம் போகும் எண்ணம் இருந்தால் இன்னொரு கணக்கும் பாருங்கள். 2023-இல் வந்த புது முறையில் ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டரிடம் பெறும் கட்டாயப் பயிற்சி) மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. உள்ளே போனபின் எக்செல் பழக முன்பு இருந்த அவகாசம் இப்போது இல்லை. கல்லூரி நாளிலேயே கை பழகியிருக்க வேண்டும். அதற்குப் பெரிய கட்டணம் தேவையில்லை. கல்லூரியில் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் என்ன வகுப்பு இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள்.

அவளுக்கு இந்தத் துறை ஒத்துவருமா என்பதற்கு நான் பார்க்கும் அடையாளம் ஒன்று உண்டு. 320 ரூபாய் உதைக்கிறது என்றால் "போகட்டும், சின்னத் தொகைதானே" என்று மூடி வைக்கிறாளா, ராத்திரிச் சாப்பாட்டை ஒத்திவைத்துத் தேடுகிறாளா? முதல் ரகம் என்றால் விற்பனை, எச்.ஆர். போன்ற பக்கமும் யோசிக்கலாம், பி.காம். அதற்கும் வழி விடும். இரண்டாவது ரகம் என்றால் படிப்பை மாற்றும் பேச்சே வேண்டாம்.

மூன்று மாதம் முடிந்ததும், வீட்டு விவரம் எதுவும் இல்லாமல், பெயரும் தொகையும் மாற்றிய ஒரு மாதிரி ஷீட் செய்து வைத்துக்கொள்ளட்டும். இன்டர்வியூவில் 'ஏஐ தெரியும்' என்று சொல்வதைவிட, அந்த ஷீட்டைத் திறந்து ஏஐ எங்கெல்லாம் தப்பு செய்தது, எப்படிப் பிடித்தேன் என்று ஐந்து நிமிடம் பேசினால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். லேப்டாப் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். போனில் கூகுள் ஷீட்ஸில் பார்க்கலாம், ஆனால் வேலை செய்வது கஷ்டம். கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் வாரம் இரண்டு மணி நேரம் கிடைத்தால் தாராளமாகப் போதும். வேலையை முடித்ததும் ஃபைலைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, லேப் கம்ப்யூட்டரில் இருந்து அழித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.