பொலென்டா: தண்ணீரும் நேரமும்

வட இத்தாலியில் தலைமுறை தலைமுறையாகக் கிண்டிவரும் மக்காச்சோள ரவைக் களிதான் பொலென்டா. இதை வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குச் செய்யத் தொடங்கியிருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் சமையல் பகுதியின் பதில்கள்.

கார்ன் ஃப்ளார் வாங்கிக் கிண்டினேன், பசை மாதிரி ஆகிவிட்டது. எந்த மாவு வாங்க வேண்டும்?
வாசகி, கோவை

கடையில் கார்ன் ஃப்ளார் என்று விற்கும் வெள்ளைப் பொடி, மக்காச்சோளத்திலிருந்து பிரித்தெடுத்த வெறும் ஸ்டார்ச். சூப்பைக் கெட்டியாக்கத்தான் அது உதவும். அதில் பொலென்டா வராது. உங்களுக்கு வேண்டியது மணியை உடைத்த மஞ்சள் ரவை. உங்கள் பக்கத்துக் கடைகளில் வெறுமனே 'சோள ரவை' என்று கேட்டால் வெள்ளைச் சோளத்தில் உடைத்ததை எடுத்துத் தரக்கூடும். 'மக்காச்சோள ரவை' என்று கேட்டு, நிறத்தைப் பார்த்து வாங்குங்கள். கோதுமை ரவையைவிடச் சற்றுப் பெரிதாக, விரலில் நெருடினால் கரகரவென்று இருக்க வேண்டும். இத்தாலியர்கள் பிரமாத்தா என்று சொல்லும் பருவெட்டு இதுதான். அவர்களின் ஃபியோரெத்தோ இதைவிட நைஸானது. சீக்கிரம் வேகும், ஆனால் வாயில் மணி மணியாகத் தெரியாது. வடநாட்டு ரொட்டிக்கு விற்கும் மக்கி ஆட்டாவிலும் கிண்டலாம். 20 நிமிடத்தில் வெந்துவிடும். பதம் கூழ் மாதிரிதான் இருக்கும்.

மில்லில் உடைத்து வாங்குவதாக இருந்தால், காய்ந்த மக்காச்சோளத்தை ரவைப் பதத்துக்கு உடைக்கச் சொல்லுங்கள். வீட்டில் சலித்து மாவைத் தனியாக எடுத்துவிட்டு, ரவையை முறத்தில் புடைத்துத் தோலைப் போக்குங்கள். கோழித்தீவனத்துக்கென்று விற்கும் மணியை மட்டும் வாங்க வேண்டாம். ஈரத்தில் கிடந்த மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் என்ற நச்சு சேரும்; அது சமைத்தாலும் போகாது.

ஒரு பங்கு ரவைக்கு 4 பங்கு தண்ணீர் என்கிறார்கள். ஒரு தடவை கல் மாதிரி இறுகுகிறது, இன்னொரு தடவை ஓடுகிறது. கட்டியும் விழுகிறது. கை ஓயாமல் கிண்டித்தான் ஆக வேண்டுமா?
வாசகர், மதுரை

குழப்பம் அந்த '4 பங்கில்' இருக்கிறது. இத்தாலியப் பாக்கெட்டுகளில் கணக்கு எடையில் இருக்கும்: 250 கிராம் ரவைக்கு 1 லிட்டர். பல குறிப்புகள் அதையே கப் கணக்காக எழுதிவிடுகின்றன. ஒரு கப் ரவை 160 கிராம்தான் நிற்கும், ஒரு கப் தண்ணீரோ 240 மில்லி. எனவே கப்பில் 1க்கு 4 என்று அளந்தால் எடைக் கணக்கில் 1க்கு 6 ஆகிவிடும். இரண்டும் ஒன்றல்ல.

தராசு இருந்தால் அதையே நம்புங்கள். நான்கு பேருக்கு 250 கிராம் ரவை. ஆறவிட்டு வில்லை போட வேண்டுமானால் 1 லிட்டர் தண்ணீர். தட்டில் ஊற்றிக் குழம்பு மாதிரி ஏதாவது மேலே விட்டுச் சாப்பிட வேண்டுமானால் ஒன்றேகால் லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை. தராசு இல்லாதவர்கள் ஒரு கப் ரவைக்கு, வில்லை போடக் கிட்டத்தட்ட 3 கப், இளக்கமாக வேண்டுமென்றால் மூன்றரை முதல் 4 கப் என்று வைத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு ஒன்றரை டீஸ்பூன் உப்பு, அதுவும் ஆரம்பத்திலேயே. வெந்து இறுகிய பிறகு போட்டால் உள்ளே சாராது.

இனி கட்டி. மக்காச்சோள ஸ்டார்ச் சுமார் 62 முதல் 72 டிகிரி செல்சியஸில் தண்ணீரை இழுத்து வீங்கும். கொதிக்கிற தண்ணீரில் ரவையை மொத்தமாகக் கொட்டினால் வெளிப்பக்கம் உடனே வெந்து ஒட்டிக்கொள்ளும், உள்ளே காய்ந்த மாவு அப்படியே சிக்கிக்கொள்ளும். எத்தனை கிண்டினாலும் அது கரையாது. பழக்கமான கைகள் ஒரு கையால் மழைத் தூறல் போலத் தூவிக்கொண்டே மறு கையால் கிண்டும். புதிதாகச் செய்கிறவர்களுக்கு அதைவிட நல்ல வழி, பச்சைத் தண்ணீரிலேயே ரவையைக் கரைத்து அடுப்பில் வைப்பது. மிதமான தீயில், அடியோடு சேர்த்துக் கிண்டிக்கொண்டே இருங்கள். ஏழெட்டு நிமிடத்தில் சட்டென்று கெட்டிப்படும். அந்தக் கட்டம் வரை மட்டும் கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் ரவை அடியில் போய்ப் படிந்து பிடித்துவிடும்.

கெட்டிப்பட்டபின் தீயை மிகக் குறைத்து மூடி வையுங்கள். நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடியைச் சுரண்டி ஒரு கிண்டு கிண்டினால் போதும். பருவெட்டு ரவைக்கு மொத்தம் 40 முதல் 45 நிமிடம். பத்தாவது நிமிடத்தில் பார்த்தாலே வெந்த மாதிரி கெட்டியாக இருக்கும். அங்கேதான் பலரும் இறக்கிவிடுகிறார்கள். ஸ்டார்ச் வீங்கியிருக்குமே தவிர, மணியின் நடுப்பகுதி வரை தண்ணீர் போயிருக்காது. துளி எடுத்து ஆற வைத்து இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கிப் பாருங்கள். நறநறவென்றால் இன்னும் வேண்டும். பச்சை வாடை போய், வேகவைத்த சோளக்கதிரின் இனிப்பு வாசம் வந்தால் ஆயிற்று. இடையில் இறுகினால் கொதிநீர் அரை கப் அரை கப்பாக விடலாம்.

காலையிலேயே ரவையை அளந்த தண்ணீரில் ஊறப்போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் மாலையில் கால் மணி நேரமாவது மிச்சமாகும். ஊறிய தண்ணீரைக் கொட்ட வேண்டாம், அதிலேயே வேகவிடுங்கள். இன்னொன்று: குமிழ் வெடித்து கையில் தெறிக்கும், களியைவிட மோசமாகச் சுடும். ஆழமான அடிகனத்த பாத்திரமும் நீளக் காம்புள்ள மரக்கரண்டியும் வைத்துக்கொள்ளுங்கள்.

குக்கரில் வைக்கலாமா?
வாசகி, திருச்சி

தாராளமாக. ஆனால் குக்கரில் நேரடியாக ஊற்றாதீர்கள். அடிபிடித்து, ஆவித் துளையையும் அடைத்துவிடும். உள்ளே வைக்கும் பாத்திரத்தில் 1 கப் ரவை, 4 கப் தண்ணீர், முக்கால் டீஸ்பூன் உப்பு போட்டு, முதலில் அடுப்பில் கிண்டிக் கூழ்ப் பதம் வரவிடுங்கள். இதைத் தாண்டிவிட்டு நேரே குக்கரில் வைத்தால் ரவை அடியில் கட்டியாகவும் தண்ணீர் மேலேயும் நிற்கும். பாத்திரம் பாதிக்கு மேல் நிறையக் கூடாது. மூடி போட்டு குக்கருக்குள் வைத்து, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 15 நிமிடம். ஆவி தானாக அடங்கிய பிறகு திறந்து, விஸ்க்கால் நன்றாக அடித்தால் சேர்ந்துகொள்ளும்.

உடனடி பொலென்டா பாக்கெட் வாங்கினால் தரம் குறைவா?
வாசகர், சென்னை

அது ஏற்கனவே ஆவியில் வெந்து உலர்த்தியது, அதனால்தான் 5 நிமிடத்தில் ஆகிறது. மக்காச்சோள மணம் குறைவுதான். வேலை விட்டு வந்து எட்டு மணிக்கு அடுப்பு பற்ற வைக்கிறவர்களுக்கு அதில் ஒரு குற்றமும் இல்லை. பாக்கெட்டில் போட்டதைவிடக் கொஞ்சம் கூடுதல் தண்ணீர் விட்டு 10 நிமிடம் வேகவிடுங்கள், வித்தியாசம் தெரியும். நேரம் இருக்கிற நாளில் பருவெட்டையே செய்யுங்கள்.

இங்கே குழாய் மாதிரி சுற்றி விற்கும் ரெடிமேட் பொலென்டாவை வறுத்தால் ஒட்டிக்கொண்டு உடைகிறது.
வாசகி, டொரொன்டோ

அதில் ஈரம் அதிகம். ஈரம் ஆவியாகி முடியும்வரை மேல்பகுதி மொறுமொறுப்பாகாது. அதற்குள் திருப்பினால் தோல் கல்லிலேயே தங்கிவிடும். ஒன்றரை சென்டிமீட்டர் தடிப்புக்கு வில்லை போடுங்கள். அதைவிட மெலிதானால் உடையும். துணியால் ஒற்றி எடுத்து, தட்டில் பரப்பி மூடாமல் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரும்புத் தோசைக்கல்லோ நான்ஸ்டிக்கோ நன்றாகக் காய்ந்த பிறகு 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு வில்லைகளை இடைவெளி விட்டு அடுக்குங்கள். பிறகு 6, 7 நிமிடம் தொடவே வேண்டாம். ஓரம் பொன்னிறமாகி, கல்லை லேசாக ஆட்டினால் வில்லை தானாக நகரும், அப்போது திருப்புங்கள். வீட்டில் கிண்டியதை வறுக்கவும் இதே முறைதான். எண்ணெய் தடவிய தட்டில் கொட்டிச் சமப்படுத்தி, குறைந்தது 3 மணி நேரம் ஆறவிட வேண்டும். வில்லைக்காகக் கிண்டும்போது பாலும் சீஸும் சேர்க்காதீர்கள், சீக்கிரம் கருகும்.

அந்தக் குழாய்ப் பொலென்டாவை இளக்கமாக்க வேண்டுமானால் துருவிப் போட்டு, சூடான பாலோ வெஜிடபிள் ஸ்டாக்கோ (காய்கறி வேகவைத்து வடித்த நீர்) விட்டு அடியுங்கள். துண்டாகப் போட்டால் கட்டி கட்டியாகவே நிற்கும்.

குழந்தைகள் சப்பென்று இருக்கிறது என்கிறார்கள். எதோடு பரிமாறுவது? நாங்கள் சைவம்.
வாசகி, சேலம்

பொலென்டா தனியாகச் சாப்பிடுவதற்கானதல்ல, சோறு மாதிரி அடியில் இருப்பது. வட இத்தாலியில் பெர்காமோ பக்கம் இறைச்சிக் குழம்போடு மஞ்சள் பொலென்டா. வெனிஸ் பக்கம் மீனுக்கு வெள்ளை மக்காச்சோளத்தில் செய்தது. வால்தெல்லினா பள்ளத்தாக்கில் பக்வீட் என்ற தானியத்தின் மாவு கலந்து, சீஸ் உருக்கிச் செய்வார்கள். சைவ வீட்டுக்குக் காளானும் பீன்ஸும் மிகப் பொருத்தம்.

பொலென்டா வேகும்போதே காளானை முடித்துவிடலாம். 300 கிராம் பட்டன் காளானைத் தடித்த துண்டாக நறுக்கி, நன்றாகக் காய்ந்த வாணலியில் 2 டேபிள்ஸ்பூன் எண்ணெயில் போடுங்கள். உப்பு இப்போது வேண்டாம், போட்டால் நீர் விட்டு அவிந்துவிடும். பழுப்பாகச் சுருண்டதும் நறுக்கிய பூண்டு 4 பல், வெண்ணெய் ஒரு டீஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன், உப்பு; ஒரு கை தண்ணீர் தெளித்து அடியில் ஒட்டியதைச் சுரண்டி இறக்குங்கள். இன்னொரு நாளைக்கு, வேகவைத்த ராஜ்மாவைத் தக்காளி, வெங்காயம், பூண்டோடு தளரக் கொதிக்கவிட்டு மேலே ஊற்றலாம். பொலென்டாவை இறக்கியபின் 30 கிராம் வெண்ணெயும் 50 கிராம் துருவிய சீஸும் கலந்தால் குழந்தைகள் மறுக்க மாட்டார்கள். அடுப்பில் இருக்கும்போது சீஸ் போட்டால் எண்ணெய் பிரியும்.

சைவம் என்பதால் ஒன்று கவனியுங்கள். அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற இத்தாலியச் சீஸில் பாலை உறையவைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைத்தான் சேர்க்கிறார்கள். பச்சைப் புள்ளி போட்ட சீஸாகப் பார்த்து வாங்குங்கள்.

இதையே தினமும் சாப்பிட்டால் தோல் நோய் வரும் என்று படித்தேன். உண்மையா?
வாசகர், தஞ்சாவூர்

வேறு எதுவும் கிடைக்காமல் இதை மட்டுமே சாப்பிட்டவர்களுக்கு வந்தது உண்மை. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் வட இத்தாலியின் ஏழை விவசாயிகள் வருடம் முழுக்கப் பொலென்டாவிலேயே வாழ்ந்தார்கள். வெயில் படும் இடங்களில் தோல் தடித்து உரிந்து, வயிற்றுப்போக்கும் மனக்கலக்கமும் வந்தன. மிலான் மருத்துவர் பிரான்செஸ்கோ ஃப்ராப்போல்லி 1771இல் அதற்குப் பெல்லாக்ரா என்று பெயரிட்டார். மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் சத்து உடலில் சேராதபடி பிணைந்திருப்பதே முக்கியக் காரணம். மெக்சிகோ மக்கள் மணியைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அந்தப் பிணைப்பை நெடுங்காலமாகவே விடுவித்துவந்தார்கள். இத்தாலிக்கு மக்காச்சோளம் வந்தது, அந்த முறை வரவில்லை. பருப்பு, பால், முட்டை, காய் என்று கலந்து சாப்பிடுகிற வீட்டில் வாரம் இரண்டு நாள் பொலென்டா செய்தால் பயமே வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள் சோற்றுக்குப் பதிலாக வைத்துக்கொள்ள வேண்டும், சோற்றோடு சேர்த்தல்ல.

மிச்சத்தை எப்படி வைப்பது? ரவை கசக்கிறது, ஏன்? பாத்திரத்தில் ஒட்டியதை எப்படி எடுப்பது?
வாசகி, ஈரோடு

வெந்ததை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் 3 நாள் இருக்கும். ஆறி இறுகியது பழைய மழமழப்புக்குத் திரும்பாது. வில்லை போட்டு வறுப்பதுதான் நல்லது.

மணியின் முளைப்பகுதியில் எண்ணெய் இருக்கிறது. முளை நீக்காத ரவை வெயில் காலத்தில் காறிப்போய்க் கசக்கும். கசப்பு வந்ததைக் கழித்துவிடுங்கள். புதிதாக வாங்குவதைக் காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்தால் வண்டும் வராது.

பாத்திரத்தில் ஒட்டியதைச் சுடுநீர் விட்டுத் தேய்த்தால் இன்னும் பசையாகும். பச்சைத் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டால் ஏடு ஏடாக உரிந்து வரும்.